செவுரு இருந்தா காவா

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் போனால் சுங்கை ரோடு என்று ஒரு தெரு வரும். 'சுங்கை' என்றால் மலாயில் ஆறு. ஆக அது ஆற்றுச் சாலை. 2017 ஜூலை 10 வரை அந்தப் பக்கத்துத் தெருக்களில் பழைய பொருள் சந்தை ஒன்று நடந்தது. தீவ்ஸ் மார்க்கெட் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஓடாத கடிகாரம், ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் என எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே போய்வந்த யாரும் ஆற்றுச் சாலையில் ஆறு எங்கே என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆறு அங்கேயேதான் இருக்கிறது. அதன் ஒரு கரையில் ஓடும் தெருவுக்கு சுங்கை ரோடு என்று பெயர். எதிர்க்கரைத் தெருவுக்கு ரோச்சோர் கனால் ரோடு என்று பெயர். அதாவது ஒரே தண்ணீர் வடக்குக் கரையில் நின்று பார்த்தால் ஆறு, தெற்குக் கரையில் நின்று பார்த்தால் கால்வாய். ஊருக்குத் தெருப்பெயர் வைத்தவர்கள் யாரும் இதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஆற்றைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

நான் வடிகால் வடிவமைக்கும் பொறியாளன். இங்கேயே பட்டம் படித்து, இங்கேயே ஒரு கன்சல்டன்சியில் ஐந்து வருஷமாக வேலை. மழை பெய்தால் நண்பர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவார்கள். நான் நீர்மட்ட எண்களைப் பார்ப்பேன். இந்தக் கட்டுரை அந்த எண்களைப் பற்றியது இல்லை. ஆனால் அவை கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் இந்த ஆறு எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கே தெரியாது.

புக்கிட் தீமா குன்று 164 மீட்டர் உயரம். சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை இடம் அதுதான் (ஊட்டியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார்). அந்தக் குன்றின் சரிவுகளில் விழும் மழை ஓடைகளாக இறங்கி, புக்கிட் தீமா சாலைக்கும் டனர்ன் சாலைக்கும் நடுவில் ஒரு நீளமான கான்கிரீட் கால்வாயாகத் தென்கிழக்கே வருகிறது. 170, 171 பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே கூடவே ஓடிவரும். தாவரவியல் பூங்கா, நியூட்டன், அப்புறம் கேகே மருத்துவமனை என்று தாண்டி தேக்காவுக்கு வரும்போது அதன் பெயர் ரோச்சோர் கால்வாய் ஆகிவிடுகிறது. சிம் லிம் கட்டடங்களையும் ஜாலான் புசாரையும் விக்டோரியா ஸ்திரீட்டையும் தாண்டினால் வரைபடத்தில் திரும்பவும் 'ரோச்சோர் ஆறு' என்று போட்டிருக்கும். அப்படியே காலாங் முகத்துவாரம், மரினா. முடிந்தது. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நடந்து முடித்துவிடலாம். நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

சிட்டியும் ஜானகிராமனும் காவேரியோடு பயணம் போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். அதைப் படித்த வேகத்தில்தான் முதல் நடை போனேன். தலைக்காவேரி மாதிரி நமக்கும் ஒரு தலை ரோச்சோர் இருக்கும், அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மதகடி, வேலி, 'ஆபத்து, மழைநேரத்தில் இறங்காதீர்' என்று நான்கு மொழிகளில் பலகை. சுனையும் இல்லை, கோயிலும் இல்லை. தமிழ் வரியைப் படித்துவிட்டு வந்தேன்.

இந்த ஆற்றில் இன்னொரு விசேஷம் உண்டு. இதன் தலையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். புக்கிட் தீமா பள்ளத்தாக்கு வருஷா வருஷம் மூழ்கிக்கொண்டிருந்தது. அதனால் 1972இல் முதல் திசைதிருப்புக் கால்வாயைக் கட்டி, மேல்பகுதியில் விழும் நீரை மேற்கே உலு பாண்டான் ஆற்றுக்குத் திருப்பினார்கள். 1990இல் இரண்டாவது திசைதிருப்புக் கால்வாய் வந்தது. அது ஸ்விஸ் காட்டேஜ் பகுதியிலிருந்து பெருமழை நீரைக் காலாங் ஆற்றுப் பக்கம் கொண்டுபோகிறது. ஆக, குன்றில் விழும் மழை ஒரு பக்கம், நடுவில் விழுவதில் ஒரு பங்கு வேறு பக்கம். தேக்காவுக்கு வருவது மிச்சம். ஓர் ஆற்றின் நீரைப் பிரித்து இரண்டு பக்கத்து ஆறுகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நேர்கோட்டில் நிறுத்திவைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள் உடனே 'ஐயோ, இயற்கையை இப்படியா' என்பார்கள். 1978 டிசம்பர் 2ஆம் தேதி இங்கே 24 மணி நேரத்தில் 512.4 மி.மீ. மழை பெய்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தபிறகு யாராவது எனக்கு மதகு வேண்டாம் என்று சொன்னால் நான் அவரோடு வாதாட மாட்டேன். அவர் மாடி வீட்டில் இருக்கிறார் என்று புரிந்துகொள்வேன்.

*

இந்த ஆறு இல்லையென்றால் நமக்கு சிராங்கூன் ரோடு இல்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி சதுப்பு நிலம். தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, அதனால் மாடு வந்தது. மாட்டோடு மாட்டு வியாபாரிகளும், பால்காரர்களும், வண்டிக்காரர்களும், தோல்காரர்களும் வந்தார்கள். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அந்தப் பெயரைச் சுருக்கித்தான் கேகே என்கிறோம். அங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தாங்கள் தொழுவத்தில் பிறந்தோம் என்று தெரியும்? (1966இல் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலக சாதனை அது.) பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, மாடு இறக்குமதி செய்த பெலிலியோஸ் பெயரில் ஒரு ரோடு என எல்லாம் மாட்டு வழித் தெருக்கள். தேக்கா என்பதும் ஹொக்கியனில் மூங்கில் அடி என்கிற பொருளில் வந்ததுதான். மூங்கில் நின்றது இந்தத் தண்ணீரை ஒட்டி.

வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். கம்பம் என்றால் கம்போங், கிராமம். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. பக்கத்தில் செங்கல் சூளைகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் செங்கல் அறுத்தார்கள், சாலை போட்டார்கள், சதுப்பை வடித்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரில் பூசியிருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு: சங்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர். அதைப் பூசியதும் அந்தக் கைதிகள்தான். தேவாலயத்துக்குப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த முட்டைக் கதையைச் சொல்கிறார்கள். சதுப்பை வடித்த கதையை யாரும் சொல்வதில்லை. வடிகாலில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள் போல.

சுத்தமான ஆறாக இது ரொம்ப காலம் இருக்கவில்லை. மாடு, தோல், சூளை, அப்புறம் கீழ்ப்பக்கத்தில் காய்கறித் தோட்டங்களுக்கு மனிதக் கழிவு உரம். அந்த நாற்றத்தைக் கிண்டல் செய்துதான் லாவெண்டர் ஸ்திரீட் என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் கஃபே இருக்கிறது, வாசனை மெழுகுவத்தி விற்கிறார்கள்.

*

என் தாத்தா ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து 1948இல் கப்பலேறி வந்தவர். வயது பதினெட்டு. முனிசிபல் வேலை. என்ன வேலை என்று எனக்குப் பன்னிரண்டு வயது வரை தெரியாது. அப்பா யாரிடமும் 'கவர்ன்மென்ட் வேலை, பிடபிள்யூடி' என்றுதான் சொல்வார். நானும் ஸ்கூலில் குடும்ப மரம் வரைந்தபோது அப்படித்தான் எழுதினேன்.

தாத்தா வடிகால் வழித்தார். மூங்கில் கூடை, மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. முப்பத்தேழு வருஷம். அதில் ரொம்ப வருஷம் இந்த ரோச்சோர், ஜாலான் புசார் பக்கம்தான். அந்த வேலைக்கு ஊரில் எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்பது நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கப்பலில் மூட்டை முடிச்சோடு அதுவும் வந்தது. அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இந்தத் தண்ணீருக்கு மூன்று தலைமுறையில் மூன்று பெயர். தாத்தா 'காவா' என்பார். அப்பா 'லோங்காங்' என்பார், எல்லாச் சிங்கப்பூர்க்காரர்களையும் போல. நான் ஆபீஸில் 'டிரெயின்' என்றும், அறிக்கையில் எழுதும்போது 'கனால்' என்றும் போடுகிறேன். மூவரில் ஒருவரும் அதை ஆறு என்று சொன்னதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தாத்தாவின் ஊர் வழியாக ஓடுவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய வாய்க்கால் அது. முழுக்க முழுக்க மனிதன் வரைந்த கோடு. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதற்குப் பெயர் புது ஆறு. தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். 'புது ஆத்துல குளிச்சோம்', 'புது ஆத்துல தண்ணி விட்டாச்சாம்.' தன் வயதைவிடச் சின்ன வயசு வித்தியாசம் உள்ள ஒரு வாய்க்காலை அவர் ஆறு என்றார். யாரும் வெட்டாமல், அதுவாகவே ஓடிவந்த ரோச்சோரைக் காவா என்றார்.

எட்டு ஒன்பது வயதில் அவரோடு தேக்காவுக்குப் போகும்போது பாலத்தில் நிற்பார். நான் ஒருமுறை கேட்டேன், இதுவும் தண்ணீர்தானே, ஏன் ஆறு என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"ஆத்துக்குக் கரை இருக்கணும்டா. எறங்கிக் கால நனைக்கணும். செவுரு இருந்தா அது காவா."

பிறகு நான் நான்கு வருஷம் நீரியல் படித்தேன். கரைக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு அங்கே எண்ணாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

*

அந்த எண்ணுக்கு மேனிங் குணகம் என்று பெயர். ராபர்ட் மேனிங் என்ற ஐரிஷ் பொறியாளர் 1889இல் தந்த சூத்திரத்தை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். விஷயம் எளிது. தண்ணீர் ஓடும்போது அதன் பக்கங்களும் அடியும் அதை எவ்வளவு பிடித்து இழுக்கின்றன என்பதுதான் அந்த எண். வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.013 முதல் 0.015 வரை. கல்லும் புல்லும் வளைவும் உள்ள இயற்கை ஆற்றுக்கு 0.03, 0.05, சில இடத்தில் அதற்கும் மேல். அதாவது அதே சரிவில், அதே ஆழத்தில், கான்கிரீட்டில் ஓடும் வேகத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் ஆற்றில் ஓடும். அதே மழைநீரைக் கடத்த வேண்டுமென்றால் ஆற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும்.

சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. அதுவும் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை. இடமோ இல்லை. எழுபதுகளில் பொறியாளர்கள் ஏன் எல்லா ஓடையையும் கான்கிரீட் பெட்டிக்குள் போட்டார்கள் என்பது இந்த ஒரு சூத்திரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இயற்கை மேல் கோபம் ஒன்றும் இல்லை.

இறுதியாண்டில் எங்களை பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துப்போனார்கள். காலாங் ஆறு அங்கே 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து 3.2 கி.மீ. வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். வடிவமைத்தது ஜெர்மனியில் உபர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊரைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம். கரையைச் சுவர் இல்லாமல் நிறுத்துவதற்கு அவர்கள் பயன்படுத்தியது செடியின் வேர், சுள்ளிக்கட்டு, நார்ப்பாய், கல். ஐரோப்பாவில் மலையோடைகளைப் பிடித்துநிறுத்த ரொம்ப காலமாகச் செய்துவந்ததுதான். வெப்பமண்டலத்தில் எந்தச் செடி நிற்கும் என்று தெரியாததால் முதலில் ஒரு சின்ன வடிகாலில் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்கினார்கள். மியூனிக் நகரமும் அதே காலத்தில், 2000க்கும் 2011க்கும் இடையில், தன் இசார் ஆற்றின் 8 கி.மீ. நீளத்தைச் சுவரிலிருந்து விடுவித்தது. நம் ஊரில் வெட்டிவேரையும் நாணலையும் வாய்க்கால் கரையில் வைக்கிற பாட்டிக்கு இந்த விஞ்ஞானம் தெரியும், கன்சல்டன்சி ஃபீஸ் மட்டும் வாங்கத் தெரியாது.

பீஷானில் அன்று நான் சும்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். கரை இருந்தது, கால் நனைந்தது. தாத்தா கணக்குப்படி அது ஆறு. அப்போது அவர் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது.

அங்கே இது எப்படிச் சாத்தியமானது? 62 ஹெக்டேர் பூங்கா பக்கத்திலேயே இருந்தது. முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலம் இருந்த கால்வாய், இன்று பெருமழையில் பூங்காவுக்குள் ஏறி ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குப் பரவும். மழை விட்டதும் இறங்கிவிடும். மேனிங் கேட்ட இடத்தைப் பூங்கா கொடுத்தது. வெள்ளத்தைக் கடத்தும் திறன் கான்கிரீட் கால்வாயைவிட 40 சதவீதம் கூடியது.

அப்படியென்றால் ரோச்சோரில் ஏன் செய்யவில்லை? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூத்த பொறியாளர் ஒன்றும் பேசாமல் வரைபடத்தை எடுத்து, ரோச்சோரின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குள் எது எது வருகிறது பார் என்றார். நான் பார்த்தேன். ஆறு படுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் தேக்கா மார்க்கெட் இருந்தது. கடைவீடுகள், எம்ஆர்டி, சாலை எல்லாம் இருந்தன. மாட்டுத் தொழுவம் வந்தது, அதன் பின்னால் தமிழர்கள் வந்தார்கள், சதுப்பை வடித்தார்கள், அதன் மேல் கடை போட்டார்கள், கோயில் கட்டினார்கள். அந்த ஆற்றை ஆறாக்க வேண்டுமென்றால் அதன் தரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தரையில் நிற்பது நாம்தான்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை ஆபீஸில் கேட்பதில்லை. வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.

*

2015இல் ரோச்சோர் கால்வாயின் 1.1 கி.மீ. நீளத்தை அழகுபடுத்தினார்கள். நடைபாதை, செடி, உட்காரப் படிகள். அதே காலத்தில்தான் டவுன்டவுன் எம்ஆர்டி பாதைக்காகக் கால்வாயையே இடம்மாற்றி, அடியில் சுரங்கம் தோண்டி, திரும்பவும் கொண்டுவந்து வைத்தார்கள். ஓடுகிற தண்ணீரைத் தூக்கி நகர்த்திவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று சாதாரணமாக யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். யாராவது எழுதுங்கள்.

சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் சுவருக்குள் ஓடுவது மாறிவிட்டது. 1977 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் படுகையிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். 1987க்குள் செய்து முடித்தார்கள். காலாங் படுகையில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகளையும் 500 வாத்துப் பண்ணைகளையும் அகற்றினார்கள். செலவு ஏறக்குறைய 170 மில்லியன் வெள்ளி, இழப்பீட்டுத் தொகை சேர்க்காமல். மலவாளி எடுக்கிற முறையும் அந்த வருஷத்தோடு முடிந்தது. கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறு வடிகால், இரண்டும் எங்கும் கலக்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லையென்றால் மற்ற எதுவும் நடந்திருக்காது. சென்னைக் கூவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான். முதலைப் பண்ணையையும் படகு சவாரியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. 350 மீட்டர் அகலக் கடல்வாயில் ஒன்பது மதகுகள். மழை பெய்யும்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் மதகைத் திறப்பார்கள், உயர்ந்திருந்தால் ஏழு பெரிய பம்புகள் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளும். முன்பெல்லாம் கடலேற்றமும் மழையும் ஒன்றாக வந்தால் ஜாலான் புசாரில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சிங்கப்பூர் ஆறு, ஸ்டாம்ஃபர்ட், ரோச்சோர், காலாங், கேலாங் என ஐந்தும் சேர்கிற அந்த முகத்துவாரம் இப்போது நன்னீர்த் தேக்கம். 10,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, தீவில் ஆறில் ஒரு பங்கு. 2010 முதல் அதிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள்.

தேக்கா வாசலில் பெய்கிற மழை குழாய்க்கு வருகிறது. தாத்தா கூடையில் வாரியது எங்கள் சமையலறைக் குழாயின் முன்னோர். இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா 'சாப்பிடும்போது என்னடா பேச்சு' என்றார். அப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வடிகால் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அப்பா சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "உங்க தாத்தா லோங்காங் வழிச்சாரு. நீ லோங்காங் வரையப் போறியா? இதுக்கா நான் டாக்ஸி ஓட்டுனேன்?" கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. வரைகிறவனுக்கும் வழிக்கிறவனுக்கும் நடுவில் ஒரு டிகிரி இருக்கிறது, அந்த டிகிரிக்கு அவர் பணம் கட்டினார், இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது அல்லவா.

*

இன்றைக்கு அந்தச் சேற்றில் நிற்பது வேறு ஆட்கள். என் வேலைத்தளத்தில் பேராவூரணிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னை சார் என்பார், நான் அவரை அண்ணே என்பேன், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்த்தேன். நண்பர்களோடு கால்வாய்ப் படியில் உட்கார்ந்து பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

கீழே தண்ணீரில் கறுப்பாகக் கூட்டமாக மீன். "ஜிலேபி சார். எங்க ஊர் ஏரில இதான்" என்றார். திலாப்பியாவுக்கு நம் பக்கத்துப் பெயர். எதிர்ச் சுவர் ஓரம் ஒரு சாம்பல் நாரை அசையாமல் நின்றது. கீழே காலாங் பக்கம் போனால் நீர்நாய்களையும் பார்க்கலாம். முழு உடும்பு ஒன்று கான்கிரீட் சரிவில் வெயில் காய்வதை நானே பார்த்திருக்கிறேன். சுவருக்குள் ஓடினாலும் தண்ணீரைத் தேடி வருகிறவை வந்துவிடுகின்றன. அவற்றுக்கு மேனிங் தெரியாது.

"அண்ணே, இது ஆறா, வாய்க்காலா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், இஞ்சினியர் இதைப் போய் என்னிடம் கேட்கிறானே என்பது போல. பிறகு தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி எப்ப வரும்?" என்றார்.

"எப்பவும் வரும்."

"வருஷம் பூராவா? மொற வச்சு விடறது இல்லையா?"

"இல்லண்ணே."

"அப்ப ஆறுதான் சார். வாய்க்கால்னா மொற இருக்கும்."

சுவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புது ஆற்றின் கடைமடைக்காரர் அவர். மேட்டூரில் தண்ணீர் திறந்து தன் வயலுக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறவர். தாத்தா கரையைப் பார்த்தார், இவர் தண்ணீரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வாய்க்கால் பாசனத்துக்காரர்கள். இதில் யார் சொல்வது சரி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அறிக்கையில் 'கனால்' என்றே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புலம்பெயர் எழுத்தில் ஆறு என்று வந்தால் அது காவேரி, வைகை, தாமிரபரணி. நானும் அப்படி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன், நல்ல வேளை யாரும் பிரசுரிக்கவில்லை. எனக்கு அந்த ஆறுகள் தெரியாது. விடுமுறையில் பார்த்திருக்கிறேன், அதுவும் மணலாக. எனக்குத் தெரிந்தது ரோச்சோரின் நீர்மட்டம். சாயங்காலம் நான்கு மணி மழையில் அது எத்தனை நிமிஷத்தில் ஏறும், எத்தனை நிமிஷத்தில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவனுக்கு ஓர் ஆற்றைத் தெரியும் என்றால் வேறென்ன தெரிய வேண்டும்?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு பலகாரச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்குள் போக அவருக்குப் பிடிக்காது. நான் வாங்கிவிட்டு வருகிற வரை ஜாலான் புசார் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, தாத்தா நிற்கிற மாதிரியே.

நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், "அவங்க எறங்குற ஏணி அந்த மூலைல இருந்துச்சு" என்றார். கையை நீட்டிக் காட்டினார். "ஸ்கூல் விட்டு வரும்போது பாப்பேன். அவரு மேல பாக்க மாட்டாரு. நானும் கூப்புட மாட்டேன்."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். இப்போது அங்கே நீர்மட்டக் கருவிக்கான இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் எண்கள் என் திரைக்கு வரும். அதைச் சொன்னேன்.

"இப்ப எவ்வளவு?" என்றார் அப்பா.

போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சாமான் பையில் பாதியை வாங்கிக்கொண்டு, "வா, பஸ் வந்துரும்" என்று நடந்தார்.